மகளுக்குச் சீருடை வாங்குவது ஏன் இவ்வளவு பெரும்பாடாகிறது?

பள்ளித் தவணை மீண்டும் ஜனவரிக்கே திரும்பிவிட்டது. 2022 முதல் மார்ச் மாதத்திலும், 2025இல் பிப்ரவரியிலும் தொடங்கிய கல்வியாண்டு, 2026இல் ஜனவரி 11ஆம் தேதி கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களிலும், 12ஆம் தேதி மற்ற மாநிலங்களிலும் தொடங்குகிறது. இதனால் ஆண்டு இறுதி விடுமுறையும் சீருடை வாங்கும் அவசரமும் பழையபடி ஒன்றாக வந்து நிற்கின்றன. தீபாவளிச் செலவின் சூடு இன்னும் ஆறவில்லை. பள்ளி திறந்த சில நாள்களில் பொங்கல், பிப்ரவரி 1ஆம் தேதி தைப்பூசம். இவற்றுக்கு நடுவில்தான் சட்டை, பினாஃபோர், காலணி, காலுறை, புத்தகப்பை எல்லாம் வாங்கியாக வேண்டும்.

பையனுக்கு வாங்கும் வேலை பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 10 முதல் 13 வயதுக்குள் மகள் இருக்கும் வீட்டில் அது அப்படி முடிவதில்லை. காலையில் சிரித்துக்கொண்டு கிளம்பிய அம்மாவும் மகளும் மாலையில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். தோட்டப்புறத்திலிருந்து பேருந்து பிடித்துப் பட்டணத்துக்கு வந்தவர்களானால், இன்னொரு நாள் வரவும் முடியாது. பிடித்ததோ பிடிக்காததோ, அன்றைக்கே வாங்கியாக வேண்டும்.

கடையில் கேட்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"ரெண்டு சைஸ் பெருசா எடு. அடுத்த வருசமும் போடலாம்."

"ம்மா, சாக்கு மாதிரி இருக்கும்மா."

"பள்ளிக்கூடத்துக்குத்தானே போற, கல்யாணத்துக்கா போற?"

அதற்குப் பிறகு மகள் பேசமாட்டாள். எதைக் காட்டினாலும் "வேணாம்" என்பாள், அல்லது "எதையாச்சும் வாங்குங்க" என்பாள். பிள்ளைக்கு இப்போதே வாய் நீண்டுவிட்டது என்று அம்மா நினைப்பார். அம்மாவுக்கு எதுவுமே புரியவில்லை என்று மகள் நினைப்பாள். உண்மையில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த வயதில் உடம்பில் என்ன நடக்கிறது, சீருடையில் என்ன மாறுகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

*உடம்பு வளரும் வேகம்*

பெண் பிள்ளைகளுக்குப் பருவமாற்றம் பொதுவாக 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. மார்பு வளரத் தொடங்குவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. அதையொட்டி உயரம் வேகமாகக் கூடுகிறது. இந்த வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் காலத்தில், பெரும்பாலும் 11, 12 வயதில், ஒரே ஆண்டில் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் வரை பிள்ளை உயர்ந்துவிடுகிறாள். உச்சம் கடந்த பிறகுதான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் மாதவிடாய் வருகிறது. அதன்பின் வேகம் குறைந்துவிடும். மொத்தமாக இன்னும் 5 முதல் 7 சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. உடம்பு ஒரே சீராக வளர்வதில்லை. முதலில் பாதம், அடுத்து கை கால்கள், கடைசியாகத்தான் உடலின் நடுப்பகுதி நீள்கிறது. அதனால்தான் சட்டை இன்னும் சரியாக இருக்கும்போதே காலணி கடிக்கத் தொடங்குகிறது. தோள் அளவு பொருந்தும் பினாஃபோர் முழங்காலுக்கு மேல் ஏறிவிடுகிறது. கடையில் ஒரு சட்டை தோளில் சரியாக இருந்து மார்பில் இறுக்கினாலும், இடுப்பில் சரியாக இருந்து தோளில் தொங்கினாலும், அது பிள்ளையின் குறை அல்ல. வளரும் உடம்பின் இயல்பு அது.

அம்மா சொல்லும் "வளர்ற பிள்ளை, பெருசா வாங்கு" என்ற கணக்குக்கு இங்கேதான் எல்லை இருக்கிறது. இன்னும் பெரியவளாகாத, வேகமாக உயரும் பிள்ளைக்கு ஓரளவு பெரிதாக வாங்குவதில் அர்த்தம் உண்டு. வயதுக்கு வந்து ஓராண்டு கடந்த பிள்ளைக்கு இரண்டு அளவு பெரிதாக வாங்கினால், அவள் அந்தச் சீருடைக்குள் வளர்ந்து நிரம்பப் போவதில்லை. பள்ளிப் படிப்பு முடியும்வரை அது தொளதொளவென்றுதான் இருக்கும். பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செய்வது, பிள்ளை அந்த உடையை அலமாரியிலேயே விட்டுவிடுவதில் முடிகிறது.

*கருநீலத்திலிருந்து வெளிர்நீலத்துக்கு*

ஆறாம் ஆண்டை முடித்துப் படிவம் 1க்குச் செல்லும் மகள் இருந்தால் இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொள்கிறது. தொடக்கப்பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலப் பினாஃபோரும், அல்லது வெள்ளை பாஜு கூரோங்கும் கருநீலக் கைனும். இடைநிலைப்பள்ளியில் அந்தக் கருநீலம் வெளிர்நீலமாகிறது. அக்காளின் கருநீலத்தைத் தங்கைக்குக் கொடுத்துப் பழகிய வீட்டில்கூட, இந்த ஓராண்டு எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான்.

ஆனால் பிள்ளையின் மனத்தில் ஓடுவது வேறு. ஆறு ஆண்டுகள் ஒரே பள்ளி, ஒரே முகங்கள். பல தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு வகுப்பில் பத்துப் பதினைந்து பேருக்குமேல் இருப்பதில்லை. ஆசிரியரே பிள்ளையின் தாத்தா பாட்டிவரை தெரிந்தவராக இருப்பார். அங்கிருந்து நூற்றுக்கணக்கானோர் படிக்கும், மலாய், சீனப் பிள்ளைகளும் இருக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். முதல் நாள் அணிவகுப்பில் நிற்கும்போது அவளிடம் இருப்பது அந்த உடை மட்டும்தான். அது தோளிலிருந்து வழிந்து, முழங்காலுக்கு வெகுகீழே தொங்கினால், எல்லாரும் தன்னையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றும். யாரும் பார்க்காவிட்டாலும் தோன்றும். கடையில் "வேணாம்" என்று அவள் அடம்பிடிப்பதில் பாதி இந்தப் பயம்தான். அதைப் பயம் என்று சொல்ல அவளுக்குத் தெரியாததால் கோபமாக வருகிறது.

பெரும்பாலான அம்மாக்கள் யோசிக்காத ஒன்றும் இந்த நிற மாற்றத்தில் இருக்கிறது. கருநீலம் கறையை மறைக்கும். வெளிர்நீலம் மறைக்காது. பிள்ளைகளில் பலருக்கு மாதவிடாய் தொடங்கும் அதே வயதில்தான் சீருடையின் நிறமும் வெளுக்கிறது. வெளிர்நீலத்தைப் பார்த்ததுமே முகம் சுருங்கும் பிள்ளை, பெரும்பாலும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். கேட்டால் சொல்லமாட்டாள். பினாஃபோருக்குள் அணியக் கருநிறக் குட்டைக் கால்சட்டை இரண்டு, பையில் வைத்துக்கொள்ள ஒரு சிறு துணிப்பை, அதில் இரண்டு பேட், மாற்று உள்ளாடை ஒன்று. இவற்றையும் சீருடையோடு சேர்த்து வாங்கிக் கொடுத்தால் அவளுடைய பெரிய கவலை ஒன்று பேசாமலேயே தீர்ந்துவிடும். இன்னும் வயதுக்கு வராத பிள்ளைக்கும் இது தேவை. முதல் தடவை வருவது வீட்டில் இருக்கும்போதுதான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

*பினாஃபோரா, பாஜு கூரோங்கா?*

சில வீடுகளில் சண்டை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பாஜு கூரோங் முஸ்லிம் மாணவிகளுக்கு மட்டும் உரியது என்று இன்னும் சிலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. சீருடை விதிகளின்படி எந்த இனத்து மாணவியும் பினாஃபோரையோ பாஜு கூரோங்கையோ தேர்ந்தெடுக்கலாம்.

மகள் பாஜு கூரோங் கேட்டால் பெற்றோர் சிலருக்கு மனம் சங்கடப்படுகிறது. "நம்ம பிள்ளைங்க பினாஃபோர்தானே போடுவாங்க" என்ற பேச்சும் எழுகிறது. ஆனால் இந்த வயதுப் பிள்ளை அதைக் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் எளிமையானது. காலில் ரோமம் வளரத் தொடங்கியிருக்கும், அதை யாரேனும் கேலி செய்திருப்பார்கள். மாதவிடாய் நாள்களில் நீண்ட உடை பாதுகாப்பாகத் தோன்றும். படியேறும்போதும் தரையில் அமரும்போதும் உடையை இழுத்து இழுத்து விட வேண்டியதில்லை. அல்லது நெருங்கிய தோழி அதைத்தான் போடுகிறாள்.

பினாஃபோருக்கும் நல்ல பக்கம் உண்டு. ஓடியாட எளிது, வெயிலில் காற்றோட்டம் கிடைக்கும், வேகமாக உலரும். விலையைப் பொறுத்தவரை, பினாஃபோருக்குச் சட்டை தனியாக வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் இரண்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்க முடியாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. பினாஃபோர் ஒன்று, பாஜு கூரோங் ஒன்று என வாங்கி, இரண்டு மாதம் கழித்து எது அவளுக்குத் தோதாக இருக்கிறது என்று பார்த்து அடுத்ததை வாங்கலாம்.

சில பிள்ளைகள் இதற்கு நேர்மாறாக, பினாஃபோரைக் குட்டையாக்கி இறுக்கிப் போட வேண்டும் என்று நிற்பார்கள். பெரிய வகுப்பு அக்காக்களைப் பார்த்து வரும் ஆசை அது. பினாஃபோர் முழங்காலை மூட வேண்டும் என்பது விதி. அதை அம்மாவின் கட்டளையாகச் சொல்லாமல் பள்ளியின் விதியாகச் சொன்னால் போதும். கட்டொழுங்கு ஆசிரியரிடம் முதல் வாரமே பெயர் கொடுக்க எந்தப் பிள்ளைக்கும் விருப்பமிருக்காது.

*அளவு எண்ணை நம்பலாமா?*

சீருடையின் கழுத்தில் ஓர் எண்ணோ, எஸ், எம், எல் என்ற எழுத்தோ இருக்கும். எல்லா நிறுவனங்களும் அதை ஒரே மாதிரி தைப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றின் எல்லாக இருக்கலாம். சென்ற ஆண்டு வாங்கிய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போய் வாங்கி வருவதும் இதனால்தான் பல நேரங்களில் வீணாகிறது.

வயதைச் சொல்லிக் கேட்பதும் பயன்படாது. ஒரே வகுப்பில் படிக்கும் 11 வயதுப் பிள்ளைகள் இருவருக்கு நடுவில் ஒரு சாண் உயர வித்தியாசம் இருப்பது சாதாரணம். "11 வயசுப் பிள்ளைக்கு இந்த சைஸ்தான்" என்று விற்பனையாளர் எடுத்துக் கொடுத்து, அது ஏறாமல் போனால், பிள்ளை தன் உடம்பின்மீதுதான் வெறுப்புக் கொள்கிறாள்.

அப்போது அருகில் நிற்பவர் சொல்லும் ஒரு சொல் நெடுநாள் நிற்கும். "இந்த வயசுலயே இவ்ளோ குண்டா?" என்று அத்தையோ சித்தியோ சிரித்துக்கொண்டே சொல்வார்கள். விற்பனையாளரும் "பெரியவங்க பக்கம் போய்ப் பாருங்க" என்று உரக்கச் சொல்வார். சொன்னவர்கள் அன்றைக்கே மறந்துவிடுவார்கள். அவள் மறப்பதில்லை. பருவமாற்றத்தின்போது இடுப்பிலும் தொடையிலும் சதை கூடுவது பெண் உடம்பின் இயல்பான வளர்ச்சி. அதைத் தெரியாத பிள்ளை காலை உணவைத் தவிர்க்கத் தொடங்குவாள், விளையாட்டுப் பாடத்துக்குச் சாக்குப்போக்குச் சொல்வாள். எடைபற்றி உண்மையிலேயே கவலை இருந்தால் கிளினிக்கில் தாதியிடமோ மருத்துவரிடமோ கேட்கலாம். துணிக்கடை அதற்கான இடமல்ல.

வீட்டிலேயே அளவெடுத்துக்கொண்டு போவது எளிய வழி. தேவை ஓர் அளவு நாடா மட்டும்தான். தோளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை, மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, தோளிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை உள்ள நீளம் ஆகிய நான்கையும் தாளில் குறித்துக்கொள்ளலாம். பிள்ளையிடமே நாடாவைக் கொடுத்து எடுக்கச் சொன்னால் கூச்சம் குறையும். கடையில் நாடாவை உடையின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, பொருந்துவதை மட்டும் போட்டுப் பார்க்கக் கொடுத்தால், ஏறாத உடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடும் அவமானம் அவளுக்கு வராது.

வளர்ச்சிக்கு இடம் வேண்டுமென்றால் அளவை ஏற்றுவதைவிட மடிப்பைப் பார்ப்பது நல்லது. தோளும் மார்பும் சரியாகப் பொருந்தி, கீழ் விளிம்பில் இரண்டு அங்குலமாவது மடிப்பு இருக்கும் பினாஃபோரை எடுத்தால், ஆண்டு நடுவில் மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். முன்பெல்லாம் தோட்டத்துத் தையல்காரர்கள் கேட்காமலேயே இந்த மடிப்பை விட்டுத் தைத்தார்கள். ஆயத்த உடைகளில் மடிப்பு குறுகலாக இருப்பதுண்டு. உடையைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். உடல் அளவு எதிலும் சேராத பிள்ளைக்கு, ஒரு தையல்காரம்மாவிடம் துணி கொடுத்துத் தைப்பதோ, வாங்கியதைப் பிடித்துத் தைப்பதோ இன்றும் நல்ல தீர்வுதான். ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் போய் நின்றால் அவர்களிடமும் நேரம் இருக்காது.

*சொல்லக் கூச்சப்படும் பொருள்*

பட்டியலில் யாரும் எழுதாத பொருள் உள்ளாடை. வெள்ளைச் சட்டை பெரும்பாலும் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த மெல்லிய துணி. வியர்த்தால் உடம்போடு ஒட்டும், உள்ளே இருப்பது தெரியும். பாஜு கூரோங்கின் வெள்ளை மேலாடையும் அப்படித்தான். நான்காம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை திடீரெனக் கூன்போட்டு நடந்தாலும், வெயிலிலும் குளிர்சட்டையைக் கழற்றாமல் இருந்தாலும், புத்தகப்பையை முன்பக்கமாக அணைத்துக்கொண்டு போனாலும் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

மார்பு வளரத் தொடங்கியதும் கொக்கியில்லாத, மென்மையான பருத்தித் துணியில் தைத்த சிறுமியர் உள்பாடி போதும். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளையைவிடத் தோல் நிறத்துக்கு நெருக்கமான நிறமே வெளியில் தெரியாது. அதன்மேல் ஒரு பனியன் போட்டுக்கொண்டால் பல பிள்ளைகளுக்கு நிம்மதியாக இருக்கும். மூன்று நான்காவது இருந்தால்தான் துவைத்து மாற்ற முடியும்.

இதை வாங்கும் முறையில்தான் கவனம் வேண்டும். ஆண் விற்பனையாளர் நிற்கும் இடத்தில், தம்பியும் அப்பாவும் பக்கத்தில் இருக்க, "இவளுக்கு உள்ள போடுறது காட்டுங்க" என்று அம்மா குரல் கொடுத்தால், பிள்ளைக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருக்கும். சீருடை வாங்கும் நாளிலிருந்து இதைப் பிரித்துவிடுவது நல்லது. அம்மாவும் மகளும் மட்டும் தனியாக ஒரு நாள் போகலாம். அல்லது அம்மாவே இரண்டு மூன்று அளவுகளில் வாங்கி வந்து மகளின் அலமாரியில் வைத்து, "போட்டுப் பாரு, சரியா இருந்தா சொல்லு" என்று விட்டுவிடலாம்.

அம்மா இல்லாத வீட்டில் இந்தப் பொறுப்பு அப்பாவிடமோ தாத்தாவிடமோ வந்து சேர்கிறது. அவர்களில் பலர் தயங்கி, தள்ளிப்போட்டு, கடைசியில் செய்யாமலேயே விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்கு நெருக்கமான அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா என ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி, பணத்தைக் கொடுத்துப் பிள்ளையை அனுப்பிவைக்கலாம். பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியையிடம் சொல்லிவைப்பதும் தவறில்லை. யாருமே இல்லையென்றால், அப்பாவே நேரடியாகச் சொல்லிவிடலாம்: "இதெல்லாம் எனக்கு அவ்வளவா தெரியாது, ஆனா உனக்கு என்ன வேணும்னாலும் கேளு, வாங்கித் தரேன்." இந்த ஒரு வார்த்தை கேட்ட பிள்ளை, தேவை வரும்போது மறைக்கமாட்டாள்.

*கறுப்புக் காலணி*

பல தலைமுறைகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக் காலணிக்குச் சுண்ணம் பூசிய வழக்கம் முடிந்துவிட்டது. கறுப்புக் காலணி மாற்றத்தை 2018இல் அப்போதைய கல்வியமைச்சர் மஸ்லீ மாலிக் அறிவித்தார். இடைக்கால அவகாசத்துக்குப் பிறகு 2021 முதல் அது கட்டாயமானது. காலுறையும் கறுப்புதான்.

கறுப்பில் அழுக்குத் தெரியாது என்பது அம்மாக்களுக்கு லாபம். ஆனால் அளவு தவறினால் காலுக்குத்தான் கேடு. முன்பே சொன்னபடி பாதம்தான் முதலில் வளர்கிறது. நின்ற நிலையில் நீண்ட விரலுக்கும் காலணியின் முனைக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், அதாவது பெரியவரின் விரல் அகலத்துக்கு இடம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக வாங்கிப் பஞ்சை அடைத்துக் கொடுத்தால், நடக்கும்போது கால் வழுக்கிக் கொப்புளம் போடும். இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால் பெரிய பாதத்துக்குப் பொருந்துவதையே எடுக்க வேண்டும். பகலெல்லாம் நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும். ஆகவே மாலையில் காலணி வாங்குவது நல்லது. வேகமாக வளரும் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஜோடி வாங்குவதைவிட, இப்போது ஒன்று, ஜூன் மாதத்தில் ஒன்று என வாங்குவதே சிக்கனம்.

*150 ரிங்கிட் எதுவரை போகும்?*

பள்ளித் தொடக்கக்கால உதவித்தொகையாக அரசாங்கம் ஒரு மாணவருக்கு 150 ரிங்கிட் வழங்குகிறது. 2023 முதல் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமல் எல்லா மாணவர்களுக்கும் அது கிடைக்கிறது. 2025இல் ஆறாம் படிவ மாணவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. கைக்கு வரும் நாள் பள்ளிக்குப் பள்ளி மாறலாம் என்பதால், அதை நம்பியே கடைக்குப் போகும் நாளைக் குறித்துவிடக் கூடாது.

படிவம் 1க்குச் செல்லும் பெண் பிள்ளையின் பட்டியலை எழுதிப் பார்த்தால் தொகை எவ்வளவு தூரம் போகும் என்பது தெரிந்துவிடும். சீருடை இரண்டு ஜோடி, விளையாட்டு உடை, சீருடை இயக்க உடை, காலணி, காலுறை, உள்ளாடை, பெயர்ப்பட்டை, பள்ளிச் சின்னம். இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாது. வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

பல பள்ளிகளில் இப்போது வாரத்தின் ஐந்து நாளும் சீருடை அணிவதில்லை. சில நாள்களுக்கு விளையாட்டு உடை, ஒரு நாளுக்குச் சீருடை இயக்க உடை என ஒதுக்கப்படுகிறது. பள்ளியின் அட்டவணையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மூன்று நான்கு ஜோடிச் சீருடை வாங்கிவிடுவது வீண். அதேபோல் விளையாட்டு உடையைப் பெரும்பாலும் பள்ளியில்தான் வாங்க வேண்டும், இல்ல நிறம் பள்ளி திறந்த பிறகே தெரியும். எந்தச் சீருடை இயக்கத்தில் பிள்ளை சேர்வாள் என்பதும் அப்போதுதான் முடிவாகும். ஆகவே பள்ளி திறக்கும் முன் கட்டாயம் தேவைப்படுபவை இரண்டு ஜோடிச் சீருடை, ஒரு ஜோடிக் காலணி, காலுறை, உள்ளாடை ஆகியவை மட்டுமே. மற்றவற்றைப் பிப்ரவரி, மார்ச் சம்பளத்துக்குத் தள்ளலாம்.

பெயரைச் சட்டையிலேயே நிரந்தரமாகத் தைக்கக் கூடாது, கழற்றக்கூடிய பெயர்ப்பட்டையையே பயன்படுத்த வேண்டும் என்று 2022இல் கல்வி அமைச்சு அறிவுறுத்தியது. பள்ளிக்கு வெளியே பிள்ளையின் பெயர் தெரியாமல் இருப்பது பாதுகாப்புக்கு நல்லது. இன்னொரு நன்மையும் இருக்கிறது. பெயர் தைக்காத சட்டையை அடுத்த பிள்ளைக்குத் தடமில்லாமல் கொடுக்கலாம். 2025 ஏப்ரல் 21 முதல் சீருடையில் அணிய வேண்டிய ஜாலோர் கெமிலாங் சின்னத்தையும் பழைய சீருடையிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது.

கடையில் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அளவு சரியில்லாவிட்டால் மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளைக்குள்? அளவு பொருந்தாத உடையை மாற்றிக் கொடுப்பது கடைக்காரரின் விருப்பம். ஆனால் தையல் பிரிந்த, கறை படிந்த, பழுதான பொருள் என்றால் நிலை வேறு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வாங்கியவருக்குப் பரிகாரம் கேட்கும் உரிமை உண்டு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று எழுதித் தொங்கவிட்டிருந்தாலும் அந்த உரிமை போய்விடாது. ரசீதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

*கடைக்குப் போகும் முன் வீட்டில் பேச வேண்டியது*

சண்டை பெரும்பாலும் கடையில்தான் வெடிக்கிறது. அதைத் தவிர்க்கும் பேச்சு கிளம்பும் முன் வீட்டில் நடக்க வேண்டும்.

முதலில் பணம். "நம்மகிட்ட இவ்வளவுதான் இருக்கு, இதுக்குள்ள இதெல்லாம் வாங்கணும்" என்று தொகையைச் சொல்லி, பட்டியலை மகளையே எழுதச் சொல்லலாம். 11 வயதுப் பிள்ளைக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியும். கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத பிள்ளைக்கு ஒவ்வொரு மறுப்பும் கஞ்சத்தனமாகத் தெரிகிறது. கணக்குப் பார்த்த பிள்ளை, விலை கூடிய காலணியைக் கையில் எடுத்துவிட்டுத் தானே திருப்பி வைப்பாள்.

அடுத்து, யார் எதை முடிவு செய்வது என்று பிரித்துக்கொள்ளலாம். நீளம், துணியின் தரம், விலை ஆகியவை அம்மாவின் பொறுப்பு. பினாஃபோரா பாஜு கூரோங்கா, காலணியின் வடிவம், புத்தகப்பை ஆகியவை மகளின் விருப்பம். எல்லாவற்றிலும் அம்மா சொல்வதே நடந்தால், மகள் எல்லாவற்றையும் எதிர்ப்பாள்.

நேரமும் முக்கியம். கடைசி வாரச் சனிக்கிழமை மாலையில் கடையில் நிற்க இடமிருக்காது, உடை மாற்றும் அறைக்கு வரிசை நீளும், நடுத்தர அளவுகள் தீர்ந்திருக்கும். வேலை நாளில் காலையில் போக முடிந்தால் நல்லது. பசியாறிவிட்டுப் போக வேண்டும். தம்பி தங்கைகளைப் பாட்டியிடம் விட்டுச் செல்ல முடிந்தால் இன்னும் நல்லது. உடை மாற்றும் அறையில் மகள் இருக்கும்போது திரையை விலக்கிப் பார்க்காமல், வெளியில் நின்று அவளாக வந்து காட்டும்வரை காத்திருப்பது அவளுக்குக் கொடுக்கும் மரியாதை. உடையைப் போட்டதும் உட்காரச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கலாம். பள்ளியில் நாள் முழுக்க அவள் செய்யப் போவது அதைத்தான்.

வாங்கி வந்ததை அப்படியே பள்ளி திறக்கும் நாள்வரை பையில் கட்டி வைக்கக் கூடாது. ஒருமுறை துவைத்துப் போட்டுப் பார்த்தால், சுருங்கினாலும் மாற்ற நேரம் இருக்கும். புதுத்துணியின் மொடமொடப்பும் போய்விடும்.

கடைசியாக, மகள் விட்டுச் செல்லும் கருநீலப் பினாஃபோர்கள். படிவம் 1க்குப் போகும் பிள்ளைக்கு அவை இனி உதவாது. ஆனால் பக்கத்து லயத்திலோ அடுத்த தெருவிலோ ஐந்தாம் ஆண்டுக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு அவை கட்டாயம் உதவும். கிழிசல் இல்லாதவற்றைத் துவைத்து, பொத்தான் தைத்து, தேய்த்து, பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ நேரடியாகவோ கொடுக்கலாம். கொடுக்கும் நாளில் அதை மகளின் கையாலேயே கொடுக்கச் சொல்லலாம். வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கும் அவள் வயதுதான் நெருங்குகிறது என்பதால், "இந்த மடிப்பைப் பிரிச்சா அடுத்த வருசமும் போடலாம்" என்று அவளே சொல்லிக் கொடுப்பாள்.